பழைய ஜீப்புக்கு வெளிச்சம் பத்தவில்லையா? பல்பை மாற்றும் முன் ஒயரைப் பாருங்கள்!

ராத்திரி எட்டு மணிக்கு மேல் வால்பாறை மலைப்பாதையிலோ, கொடைக்கானல் காட் ரோட்டிலோ வண்டி ஓட்டியிருக்கிறீர்களா? அப்படியானால் இந்த அனுபவம் உங்களுக்குப் புதிதாக இருக்காது. கொண்டை ஊசி வளைவில் திரும்புகிறீர்கள். எதிரே வெள்ளை வெளேர் என்று ஒரு வெளிச்சம். ரோடு தெரியாது, ஓரத்துச் சுவர் தெரியாது, நடந்து போகிற ஆள் தெரியாது. இரண்டு மூன்று விநாடிக்கு நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிற மாதிரிதான். கடந்து போனபிறகு கண்ணாடியில் பார்த்தால், அது ஒரு பழைய ஜீப்! பம்பரில் ஒரு எல்.இ.டி பார், கூரையில் இன்னொன்று.

உடனே திட்டத் தோன்றும். ஆனால், அந்த ஜீப்காரர் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது. போடியில் இருந்து ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிறவர், சூரியநெல்லியில் இருந்து விடிவதற்கு முன்னால் கொழுக்குமலைக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் போகிறவர், பழைய எம்.எம்.540-ஐ ஆசை ஆசையாகப் பராமரித்து ஞாயிற்றுக்கிழமை மலையேறுகிறவர்... யாரைக் கேட்டாலும் ஒரே புகார்தான். ‘‘கம்பெனி லைட்டுல ஒண்ணுமே தெரியலங்க!’’

உண்மைதான், தெரியாது. ஆனால், ஏன் தெரியவில்லை என்கிற கேள்விக்கு மார்க்கெட் சொல்கிற பதில் ஒன்று. வண்டி சொல்கிற பதில் வேறு. மார்க்கெட் பதிலை நம்பியதால்தான் இன்று நம் ராத்திரி ரோடுகள் இப்படி ஆகியிருக்கின்றன.

வெளிச்சம் எங்கே தொலைகிறது?

மஹிந்திரா நிறுவனம் 1947-ல் வில்லிஸ் ஜீப்பை இங்கே அசெம்பிள் செய்ய ஆரம்பித்தது. அந்த வம்சத்தில் வந்த ஜீப்புகளுக்கு ஏழு இன்ச் வட்ட ஹெட்லைட்தான் முகம். 1940-ல் அமெரிக்காவில் எல்லா கார்களுக்கும் பொதுவாகக் கொண்டுவந்த அளவு அது. இப்போது அந்த வட்டத்துக்குள் பெரும்பாலும் இருப்பது ஹெச்4 ஹாலோஜன் பல்பு. ஹை பீம் 60 வாட், லோ பீம் 55 வாட்.

இந்த பல்பு மோசமான பல்பு இல்லை. சரியான வோல்டேஜ் கிடைத்தால் லோ பீமில் சுமார் 1,000 லூமென், ஹை பீமில் சுமார் 1,650 லூமென் வெளிச்சம் தரும். மலைப்பாதையில் நிதானமாக ஓட்ட இது தாராளம். பிரச்னை, அந்த ‘சரியான வோல்டேஜ்’ பல்பு வரைக்கும் வந்து சேர்வதில்லை என்பதுதான்.

பழைய ஜீப்பில் கரன்ட் போகிற பாதையைக் கொஞ்சம் பாருங்கள். பேட்டரியில் கிளம்பி, ஃபயர்வாலைத் தாண்டி, டேஷ்போர்டில் இருக்கும் லைட் சுவிட்சுக்கு வருகிறது. அங்கிருந்து டிப்பர் சுவிட்ச். சில பழைய மாடல்களில் இது காலால் மிதிக்கிற சுவிட்ச். சேறும் தண்ணீரும் முதலில் குடியேறும் இடமே அதுதான். அங்கிருந்து மறுபடி முன்பக்கம் போய், நாலைந்து கப்ளர் தாண்டி, பல்புக்குப் போகிறது. திரும்பி வருவதற்கு பாடி எர்த். அந்த எர்த் போல்ட்டோ பெயின்ட்டுக்கும் துருவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு கிடக்கும்.

இரண்டு பல்பும் சேர்ந்து ஹை பீமில் இழுக்கும் கரன்ட் சுமார் 10 ஆம்பியர். இருபது, முப்பது வயதான மெல்லிய ஒயர் வழியாக, கருகிய சுவிட்ச் வழியாக, பச்சை பூத்த டெர்மினல் வழியாக இத்தனை கரன்ட்டும் போக வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக வோல்டேஜ் தொலையும். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட் இருந்தாலும், பல்பில் 11.8 வோல்ட்தான் இருக்கும் என்பது பழைய வண்டியில் சர்வசாதாரணம்.

‘ரெண்டு வோல்ட்தானே!’ என்று நினைக்காதீர்கள். இழை பல்பின் குணம் விசித்திரமானது. வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தாலே வெளிச்சம் பல மடங்கு வேகத்தில் விழும். இந்த இரண்டு வோல்ட் குறைவால் காணாமல்போகும் வெளிச்சம், கிட்டத்தட்ட 40 சதவிகிதம்! அதாவது, உங்கள் வண்டியில் நல்ல வெளிச்சம் ஏற்கெனவே இருக்கிறது. அது பேட்டரிக்கும் பல்புக்கும் நடுவே உஷ்ணமாக வீணாகிக்கொண்டிருக்கிறது.

‘நூறு வாட் போட்டு விடுங்கண்ணே!’

இது தெரியாமல் நாம் செய்கிற முதல் வேலை, ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் போய், ‘‘ரோடே தெரியல... நூறு வாட் போட்டு விடுங்கண்ணே’’ என்பது. 100/90 வாட் பல்பு கடையில் தாராளமாகக் கிடைக்கிறது. மாட்டியதும் கொஞ்சம் பளிச்சென்று இருக்கும். ஆனால், 10 ஆம்பியரையே தாங்க முடியாத ஒயரில் இப்போது 16 ஆம்பியருக்கு மேல் போகிறது. ஒயரில் உண்டாகும் சூடு, கரன்ட்டின் இருமடிக்கு ஏற்றபடி ஏறும். கணக்குப் போட்டால் பழைய சூட்டைப்போல கிட்டத்தட்ட மூன்று மடங்கு. கப்ளர் உருகும். சுவிட்ச் கருகும். கூடுதல் கரன்ட்டால் வோல்டேஜ் இன்னும் அதிகமாகத் தொலையும் என்பதால், காசு கொடுத்த வெளிச்சத்தில் பாதிகூட ரோட்டுக்கு வராது. சுவிட்ச் மொத்தமாகக் கைவிடுகிற இடம் பெரும்பாலும் வளைவாக இருந்துவிட்டால்? யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவது வழி, ஹாலோஜன் ஹோல்டரிலேயே எல்.இ.டி பல்பைச் சொருகுவது. கரன்ட் குறைவு, வெளிச்சம் வெள்ளை, வேலை ஐந்து நிமிடம். ஆனால் ஹெச்4 ரிஃப்ளெக்டர் என்பது, மில்லிமீட்டர் கணக்கில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் இருக்கும் இழைக்காக வடிவமைக்கப்பட்ட கண்ணாடி. லோ பீம் இழைக்குக் கீழே ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும். வெளிச்சம் ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதியில் பட்டு மேல்நோக்கிப் போகாமல் தடுப்பது அதன் வேலை. எல்.இ.டி பல்பில் ஒளி வரும் இடமும் வடிவமும் வேறு. விளைவு, வெளிச்சம் ரோட்டில் விழாமல் நாலாபக்கமும் சிதறும். உங்களுக்கு முன்னால் பத்தடியில் வெள்ளையாகத் தெரியும். தூரத்தில் ஒன்றும் தெரியாது. ஆனால், எதிரே வருகிறவருக்கு மட்டும் நன்றாகவே ‘தெரியும்’!

மூன்றாவது, எல்.இ.டி பார். ரோடே இல்லாத இடத்தில், பாறையும் பள்ளமுமாக இருக்கும் தடத்தில் மெதுவாக ஊர்ந்து போகும்போது அதற்கு உபயோகம் உண்டு. ஆனால், அதில் லோ பீம் என்று ஒன்றே கிடையாது. எதிரே வண்டி வந்தால் அணைப்பது ஒன்றுதான் வழி. எத்தனை பேர் அணைக்கிறார்கள்? பனிமூட்டத்தில் இன்னும் மோசம். கூரையில் இருக்கும் பார் உங்கள் கண் மட்டத்துக்குப் பக்கத்திலேயே பனியை வெளிச்சமாக்கி, முன்னால் ஒரு வெள்ளைச் சுவரை எழுப்பிவிடும்.

கண் கூசுவது யாருக்கு?

இங்கேதான் இது ஒரு வண்டிக்காரரின் தனி ஆசை என்பதைத் தாண்டி, எல்லோருடைய பிரச்னையாகிறது. எதிர் வண்டியின் வெளிச்சத்தில் கூசிய கண் மறுபடி இருட்டுக்குப் பழகச் சில விநாடிகள் ஆகும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு வண்டி போகும் தூரம் சுமார் 14 மீட்டர். மூன்று விநாடி என்றால் 40 மீட்டருக்கு மேல் குருட்டு ஓட்டம். வயது ஏற ஏற கண் தேறும் நேரமும் கூடும். கண்புரை ஆரம்பித்திருப்பவருக்கு ஒரு வெளிச்சம் பத்தாகச் சிதறித் தெரியும்.

கார்காரராவது கூண்டுக்குள் இருக்கிறார். டூவீலரில் வருகிறவர், ஓரத்தில் நடந்து போகிற தோட்டத் தொழிலாளி, டியூஷன் முடிந்து சைக்கிளில் திரும்பும் பிள்ளை... இவர்கள்தான் உங்கள் கூடுதல் வெளிச்சத்துக்கு உண்மையில் விலை கொடுப்பவர்கள். அடுத்தகட்டமாக, கண் கூசியவரும் ‘நாமும் ஒண்ணு மாட்டினாத்தான் சரிப்படும்’ என்று கடைக்குப் போகிறார். இப்படி ஆளுக்கு ஆள் போட்டி போட்டு வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டே போனால், கடைசியில் யாருக்கும் ரோடு தெரியாது.

காட்டுப்பாதையில் இன்னொரு தரப்பும் இருக்கிறது. பந்திப்பூர் வழியாக இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வாகனங்களுக்குத் தடை வந்தது 2009-ல். 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் பாதையில் இரவுத் தடையை அமல்படுத்தச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2022-ல். வண்டியில் அடிபட்டுச் செத்த விலங்குகள்தான் இரண்டுக்கும் பின்னணி. பலமான வெளிச்சம் முகத்தில் அடித்ததும் ஓடாமல் திகைத்து நின்றுவிடும் மானை மலைப்பாதையில் ஓட்டும் யாரும் பார்த்திருப்பார்கள். இருக்கிற தடைகளே போதாதென்று இன்னும் தடைகள் வர வேண்டாம் என்றால், வண்டி ஓட்டும் நாம்தான் முதலில் அடக்கமாக இருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

‘என் வண்டி, என் லைட்’ என்று சொல்ல முடியாது. வண்டியின் அசல் வடிவமைப்புக்கு மாறான மாற்றங்களை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்தமாகச் சொன்னது. அதே ஆண்டு நடந்த சட்டத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. ‘ஒவ்வொரு மாற்றத்துக்கும்’ என்பதைக் கவனியுங்கள். பம்பர் பார் ஒன்று, கூரை பார் ஒன்று என்றால் கணக்கும் இரண்டு.

விளக்குகளுக்கென்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் தனி விதிகளே உண்டு. முன்விளக்கின் ஒளி எதிரே இருப்பவரின் கண்ணைக் கூச வைக்காதபடி கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்கிறது விதி 106. பதிவு அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் முன்பக்கம் ஸ்பாட் லைட், சர்ச் லைட் மாட்டக் கூடாது என்கிறது விதி 111. பக்கத்தில் கேரள உயர் நீதிமன்றம், கண் கூச வைக்கும் லைட் மாட்டிய வண்டிகள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி சமீப ஆண்டுகளில் தொடர்ந்து உத்தரவுகள் போட்டுவருகிறது. மூணாறு, வாகமண் பக்கம் போகிற தமிழ்நாட்டு ஜீப்காரர்களுக்கு இது நேரடியாகவே பொருந்தும்.

பழைய வண்டிக்காரர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. சொந்த உபயோக வண்டி 15 வயதைத் தாண்டினால், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் இந்தக் கட்டணம் கார், ஜீப் போன்ற வண்டிகளுக்கு 600 ரூபாயில் இருந்து 5,000 ரூபாய்க்கு ஏறியது. அந்த நேரத்தில் ஹெட்லைட்டும் பரிசோதனையில் அடங்கும். லைட் காரணமாக வண்டி திருப்பி அனுப்பப்பட்டால், அலைச்சலும் செலவும் உங்களுக்குத்தான்.

அப்போ என்னதான் செய்வது?

முதலில் சோதனை. ஒரு மல்டிமீட்டர் போதும். இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போடுங்கள். பேட்டரியின் இரண்டு முனையிலும் வோல்டேஜ் பாருங்கள். அடுத்து, பல்பு மாட்டியிருக்கும்போதே ஹோல்டரின் பின்பக்கம் பாருங்கள். இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பல்பின்மேல் பழி போடாதீர்கள், கோளாறு ஒயரிங்கில். பல்பின் எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவிலும் பாருங்கள். அங்கேயும் வோல்டேஜ் காட்டினால் எர்த் சரியில்லை.

அடுத்து ரிலே. ஹை பீமுக்கு ஒன்று, லோ பீமுக்கு ஒன்று. ரிலேயின் அடியில் எண்கள் இருக்கும். பேட்டரி பாசிட்டிவில் இருந்து ஃபியூஸ் வழியாக நேராக 30. பல்புக்குப் போவது 87. ஹெட்லைட்டுக்கு ஏற்கெனவே வந்துகொண்டிருந்த பழைய ஒயர் 86. எர்த் 85. அவ்வளவுதான். இனி டேஷ்போர்டு சுவிட்ச் வழியாக 10 ஆம்பியர் போகாது. ரிலேயைத் தட்டி எழுப்பத் தேவையான சொற்பக் கரன்ட் மட்டும் போகும். சுவிட்சுக்கும் ஆயுசு கூடும்.

செய்யும்போது கவனிக்க வேண்டியவை சில.

ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவே இருக்கும் ஒயருக்குப் பாதுகாப்பு கிடையாது என்பதால், அது எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. ஹை பீமுக்குத் தனி, லோ பீமுக்குத் தனியாக 15 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். ஒன்று போனாலும் இன்னொன்று உங்களை வீடு சேர்க்கும்.

ஒயர் 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம். பல இழைகள் கொண்ட ஆட்டோ ஒயராகவே வாங்குங்கள். வீட்டு ஒயரிங்கில் மிச்சம் இருந்ததை மாட்டாதீர்கள். ஜீப் குலுங்குகிற குலுங்கலுக்கு அது தாங்காது.

முறுக்கி டேப் சுற்றுகிற வேலை வேண்டவே வேண்டாம். சரியான லக் போட்டு, அழுத்திப் பொருத்தச் சொல்லுங்கள். தகரத்தில் ஒயர் நுழையும் இடத்தில் ரப்பர் புஷ் கட்டாயம். எர்த்துக்குத் தகரத்தை நம்பாமல், ஹெட்லைட்டில் இருந்து பேட்டரி நெகட்டிவுக்கே தனி ஒயர் இழுத்துவிடுங்கள்.

ரிஃப்ளெக்டர் மங்கி, உள்ளே துரு பிடித்திருந்தால் அதையும் மாற்றுங்கள். மங்கிய கண்ணாடி முன்னால் எந்த பல்பும் ஜெயிக்காது. பல்பு, அதே 60/55 வாட்தான். மொத்தச் செலவும் ஒரு நல்ல டயரின் விலைக்குள் அடங்கிவிடும். பளிச்சென்ற வித்தியாசம் அன்று ராத்திரியே தெரியும்.

எல்.இ.டி-தான் வேணும்னா?

வேண்டாம் என்று சொல்லவில்லை. பல்பை மட்டும் மாற்றாமல், எல்.இ.டி-க்கென்றே வடிவமைத்த ஏழு இன்ச் ஹெட்லைட் யூனிட்டை முழுதாக வாங்குங்கள். ஆனால், இதில் ஒரு பொறி இருக்கிறது. வட்ட ஹெட்லைட் ஜீப்புக்குப் பெரிய மார்க்கெட் அமெரிக்கா. அங்கே வலதுபக்கம் வண்டி ஓட்டுவார்கள். அதனால் லோ பீமின் வெளிச்சம் வலது ஓரத்தில் கொஞ்சம் மேலேறி இருக்கும். அதை நம் ஊரில் மாட்டினால், அந்த ஏற்றம் நேராக எதிரே வருகிறவரின் கண்ணில்! நமக்கு வேண்டியது இடதுபக்கம் ஏறும் பீம்.

கண்ணாடியில் ஒரு வட்டத்துக்குள் ‘இ’ என்பதற்கான ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அது ஐரோப்பிய முறை அங்கீகாரம். பக்கத்தில், லைட்டை எதிரே நின்று பார்க்கும் உங்களுக்கு வலதுபக்கம் காட்டும் அம்புக்குறி இருந்தால், அது இடதுபக்கம் ஓட்டும் நாடுகளுக்கானது. அம்புக்குறியே இல்லையென்றால், வலதுபக்கம் ஓட்டும் நாடுகளுக்கு மட்டும். முத்திரையே இல்லாத யூனிட்டை, எவ்வளவு மலிவாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

கடைசி வேலை: ஃபோகஸ்

எதை மாட்டினாலும் ஃபோகஸ் பார்க்காமல் வேலை முடியாது. சமதளத்தில், சுவரில் இருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். ஹெட்லைட்டின் மைய உயரத்தைச் சுவரில் குறித்துக்கொள்ளுங்கள். லோ பீமின் மேல்விளிம்பு அந்தக் கோட்டில் இருந்து சுமார் 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். ஜீப்புக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. பின்னால் எட்டு பேர் ஏறினால் பட்டை ஸ்பிரிங் அமுங்கி, மூக்கு மேலே தூக்கும். லைட்டும் வானத்தைப் பார்க்கும். அதனால், வழக்கமாக ஏற்றும் சுமையோடு நிறுத்தி ஃபோகஸ் பாருங்கள். பெரிய டயர் மாட்டினாலும், சஸ்பென்ஷனை உயர்த்தினாலும் மறுபடி பார்க்க வேண்டும்.

ரோட்டில் மட்டும் பிடித்தால் போதுமா?

இப்போது நடவடிக்கை என்றால், செக்போஸ்ட்டில் நிறுத்தி, பாரைக் கழற்றி, அபராதம் போடுவதுதான். தேவைதான். ஆனால், அதே பார் அடுத்த தெருக் கடையில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அறிவிக்கப்பட்ட முக்கியப் பாதுகாப்பு பாகங்கள் விதிகளுக்கு உட்படாமல் விற்கப்பட்டால், விற்பவருக்கு ஒரு பாகத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதிக்க அதே 182ஏ பிரிவில் இடமிருக்கிறது. வாங்கியவரைப் பிடிக்கும் வேகத்தில் பாதியாவது விற்கும் இடத்தில் காட்டினால், பிரச்னை பாதி குறையும். இன்னொரு பக்கம், ஃபோகஸ் சரிபார்க்கும் கருவி ஆர்.டி.ஓ பரிசோதனையோடு நிற்காமல், பெட்ரோல் பங்க்கில் காற்றுப் பிடிப்பதுபோல சுலபமாகக் கிடைத்தால், ‘தெரியாம மாட்டிட்டேன் சார்’ என்பவர்கள் திருந்த ஒரு வாய்ப்பு கிடைக்கும்.

அதுவரை முடிவு உங்கள் கையில். அடுத்த முறை ‘வெளிச்சம் பத்தல’ என்று தோன்றினால், லைட் கடைக்குப் போகாமல் முதலில் மல்டிமீட்டரை எடுங்கள். எதிரே வண்டி வரும்போது, டிப்பரைத் தட்ட மறக்காதீர்கள். அதற்குச் செலவே இல்லை!